‘நீங்க’ இல்லாத கீபோர்டு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வாயில் பற்பசை நுரையோடு நான் நின்றுகொண்டிருந்தபோது அதுவாகவே போனில் வந்தது.

“அண்ணா, உன் கம்ப்யூட்டர் என்னை உள்ள விடமாட்டேங்குது.”

பேசியது என் தங்கை. ‘உன் கம்ப்யூட்டர்’ என்று அவள் சொன்னது அவளுடைய கம்ப்யூட்டரை. அவள் வாங்கியது, அவள் வீட்டு மேசையில் இருப்பது, அவளே தூசி தட்டுவது. ஆனால் அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக்கொடுத்தவன் நான். அதனால் ஒழுங்காக ஓடுகிற நாளில் அது அவளுடையது, மக்கர் பண்ணுகிற நாளில் என்னுடையது. பரீட்சையில் கோட்டைவிட்ட பையனை அப்பாவும் அம்மாவும் ‘உன் பிள்ளை’, ‘உன் பிள்ளை’ என்று மாற்றி மாற்றித் தள்ளிவிடுவார்களே, அந்த மாதிரி.

“பாஸ்வேர்டை மாத்தினியா?”

“எதுக்கு மாத்துறேன்? அது என்ன சட்டையா, தினம் மாத்த?”

“கடைசியா என்ன பண்ணின?”

“ஒண்ணுமே பண்ணல.”

வாசகரே, உங்கள் சொந்தத்தில் கம்ப்யூட்டர் சரிசெய்து கொடுக்கும் அப்பாவி யாராவது இருந்தால் கேட்டுப்பாருங்கள். ‘ஒண்ணுமே பண்ணல’ என்றால் ‘எதையோ பண்ணித் தொலைச்சேன், என்னன்னு நீயே கண்டுபிடி’ என்று பொருள். நான் போய் வாயைக் கொப்பளித்தேன். அதற்குள் அவளே சொல்லிவிடுவாள்.

“ஹீப்ரு சேர்த்தேன். அவ்ளோதான்.”

2

இதை எப்படித் தொடங்குவது என்று நான் பட்ட பாட்டையும் நீங்கள் பார்த்துவிடுவது நல்லது.

மொழி என்பது ஒரு வீடு. அதன் கதவு

[வேண்டாம். மொழி வீடு, மொழி நதி என்று தொடங்குகிற எதையும் நானே இரண்டாவது வரியில் மூடிவைத்துவிடுவேன். உங்களை மட்டும் எப்படிப் படிக்கச் சொல்ல?]

கீபோர்டின் மேல் அவள் விரல்கள் நடுங்கின. கர்ப்பிணியின் கண்களில்

[சுத்தப் பொய். விரல் நடுங்கவில்லை. ஒரு கையில் பிஸ்கட் இருந்தது, மறு கையால் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். கையால் திட்ட முடியுமா என்று கேட்பவர்கள் என் தங்கையைப் பார்த்ததில்லை.]

அந்த இரண்டாவது தொடக்கத்தில் உண்மை ஒன்றே ஒன்றுதான். அவளுக்கு ஏழாம் மாதம். மிச்சத்தை அடித்துவிட்டு நேராகவே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். ‘இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?’ என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, வீட்டில் புடவை எடுத்தாலும் துவரம்பருப்பு எடுத்தாலும் அதே கேள்விதான். அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளை, லிஃப்ட் மெக்கானிக். அவருடைய தாய்மொழி ஹீப்ரு. தமிழை என் தங்கையிடம் கற்றுக்கொண்டார். மரியாதைக் குறைவாக எங்கேயும் பேசிவிடக்கூடாது என்று அவள் முதல் பாடத்திலேயே பலமாகச் சொல்லிவைத்தாளா, மனிதர் அதைப் பிடித்துக்கொண்டார். அவர் தமிழில் எல்லாமே மரியாதைதான். “மச்சான், மழை வந்துட்டாங்க” என்பார். “அஞ்சாவது மாடியில லிஃப்ட் மாட்டிக்கிட்டாங்க” என்பார்.

[இதைப் படித்தால் நான் இட்டுக்கட்டியது போல இருக்கும். எனக்கே சந்தேகம்தான். கதையில் இப்படி ஓர் ஆள் வந்தால் ஆசிரியர் சிரிப்புக்காகச் சேர்த்தார் என்பீர்கள். என்ன செய்வது, என் தங்கை கட்டிக்கொண்டவர் இவர்தான்.]

3

போனேன். பூட்டிய திரை. நடுவில் பாஸ்வேர்டுக் கட்டம். அவள் தட்டத் தட்டப் புள்ளி புள்ளியாக விழுந்தது, கடைசியில் தவறு என்று கட்டம் தலையை ஆட்டியது.

“மேல மூலையில என்ன இருக்கு பாரு” என்றேன்.

“ரெண்டு இங்கிலீஷ் எழுத்து. சேர்த்துப் படிச்சா ‘ஹீ’. யாருண்ணா இந்த ஹீ? எவன் வந்து உட்கார்ந்திருக்கான் உள்ள?”

எவனும் இல்லை. அது ஹீப்ருவின் சுருக்கம். முதல் நாள் அவள் செட்டிங்ஸைத் திறந்து, கீபோர்டு பகுதிக்குப் போய், ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் கீழே ஹீப்ருவையும் சேர்த்திருக்கிறாள். அதில் இரண்டு சொல் தட்டிப் பார்த்துவிட்டு அப்படியே தூங்கப் போய்விட்டாள். காலையில் ஆங்கிலத்தில் தட்டுவதாக நினைத்துக்கொண்டு பாஸ்வேர்டை ஹீப்ருவில் தட்டியிருக்கிறாள். புள்ளிகளுக்கு மொழி கிடையாதே, எப்படித் தெரியும்?

“ஜன்னல் படம் போட்ட விசையையும் ஸ்பேஸ்பாரையும் சேர்த்து அமுக்கு.”

அமுக்கினாள். மூலையில் ஹீ போய் ஆங்கிலம் வந்தது. கதவு திறந்தது.

“இவ்ளோதானா? இதுக்கா பஸ் ஏறி வந்த?” என்றாள். நன்றி என்பதை என் தங்கை இப்படித்தான் சொல்வாள்.

பிறகு அரை நாள் அவளுக்கு ஹீப்ரு தட்டக் கற்றுக்கொடுத்தேன். எனக்கு ஹீப்ரு ஓர் எழுத்தும் தெரியாது. தெரியாததைக் கற்றுக்கொடுப்பதில் எழுத்தாளர்களுக்குக் கூச்சம் கிடையாது. விசைகளில் ஹீப்ரு எழுத்து அச்சாகவில்லை என்பதால், கடையில் கண்ணாடிச் சட்டங்களுக்கு ஒட்டுகிற குட்டி ஸ்டிக்கர்களில் அவளே எழுதி ஒட்டினாள். கமா இருக்கும் இடத்தில் கமா இல்லை, அங்கே ஓர் எழுத்து குடியிருந்தது. எழுத்துகள் வலமிருந்து இடமாக நடந்தன. முற்றுப்புள்ளி வைத்தால் அது ஓடிப்போய் வாக்கியத்தின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டது.

“பாரு, முடியறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு” என்றாள். பத்தியின் திசையை மாற்றும் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தியதும் புள்ளி தன் இடத்துக்கு வந்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேனே, இவளுக்கு ஏன் லினக்ஸ் போட்டேன் என்று அன்று பலமுறை நினைத்தேன்.

அப்புறம்தான் கேட்டேன். “ஆமா, இப்ப எதுக்கு உனக்கு ஹீப்ரு?”

பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். “அத்தைக்கு எழுதணும்ணா.”

4

அத்தை என்றால் அவள் மாமியார். மாமியார் என்றதும் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்குத் தெரிகிறது. மாமியார் உடைத்தால் மண்குடம் என்ற பழமொழி வரப்போகிறது என்று காத்திருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் அந்த அம்மாளை எழுதத் தொடங்கினேன். முதல் வரைவில் அவருக்குக் கூர்மையான மூக்கு வைத்து, கறுப்பு உடை போட்டு

[அடித்துவிட்டேன். நான் அவரைப் பார்த்ததே இல்லை. என் தங்கையும் நேரில் பார்த்ததில்லை.]

தெரிந்தது இவ்வளவுதான். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் அவர் சின்ன வயதிலேயே பிரிந்துவிட்டார்கள். அவர் அப்பாவோடு வளர்ந்தார், அம்மா வேறு ஊரில். கல்யாணத்துக்கு இருவரையும் அழைத்தார்கள். ‘அந்த ஆள் வருகிறாரா?’ என்று அம்மாள் கேட்டார். வருகிறார் என்றார்கள். அம்மாள் வரவில்லை. அதிலிருந்து மகனும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. இருவரும் ரோஷக்காரர்கள். போதாக்குறைக்கு அந்த அம்மாளுக்குக் காது கேட்பதில்லை, போன் செய்து பயனில்லை. எழுதினால்தான் உண்டு, அதுவும் ஹீப்ருவில் எழுதினால்தான் உண்டு.

“அவர எழுதச் சொல்லேன்” என்றேன்.

“அவர் எழுதமாட்டார். ரோஷம். அதோட ஸ்கூலெல்லாம் வேற மொழியில படிச்சவர், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். நானே எழுதறேன். அவருக்குத் தெரிய வேணாம்.” கொஞ்ச நேரம் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினாள். “பிரசவத்தப்ப பக்கத்துல பெரியவங்க ஒருத்தர் இருக்கணும்போல இருக்குண்ணா. நீ வருவ, அவர் இருப்பார், எல்லாம் சரி. ஆனா பொம்பள ஒருத்தி வேணும். பெத்தவ ஒருத்தி.”

எங்கள் அம்மா இல்லை. இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கதை என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

5

மாப்பிள்ளையிடம் அவ்வப்போது கேட்டுப் பொறுக்கிய சொற்களை வைத்து அவள் எழுதியது மூன்றே வாக்கியம். வணக்கம். குழந்தை வரப்போகிறது. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள்.

‘நீங்க’ என்பதற்கு என்ன சொல் என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை முட்டை பொரித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பேச்சோடு பேச்சாக, “ஏங்க, ‘நீங்க’ன்னா உங்க மொழியில என்ன?” என்று கேட்டிருக்கிறாள். “அத்தெம்” என்றாராம், முட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அத்தெம்! அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அத்தேன்னு கூப்பிடற மாதிரியே இருக்குண்ணா!” என்று எனக்குப் போன் பண்ணினாள். மூன்று எழுத்து, אתם. கடைசி எழுத்து நம் ‘ம்’ தான், சதுரமாக, மூடி போட்ட டப்பா மாதிரி இருக்கும். தட்டினாள், மெயிலில் அனுப்பினாள்.

மறுநாள் பதில் வந்தது. ஒரே வரி. அவளால் முழுதாகப் படிக்க முடியவில்லை. என்னைக் கூப்பிட்டாள், நான் போய் வேடிக்கை பார்த்தேன். வேறு வழியில்லாமல் மாப்பிள்ளையிடம் காட்டினோம். அவர் கையில் கிரீஸோடு நின்றபடி எழுத்துக்கூட்டினார்.

“‘ரெண்டு பேருமா? அப்படின்னா ஒருத்தர் மட்டும் வரட்டும். அது நான் இல்லை.’” நிமிர்ந்தார். “யாரு ரெண்டு பேரு? என்ன எழுதினீங்க அவங்களுக்கு?”

[இந்த இடத்தில் நான் அந்த அம்மாளின் ரசிகன் ஆகிவிட்டேன். முப்பது வருடமாக எழுதுகிறேன், இப்படி ஒரு வரி எனக்கு வாய்த்ததில்லை. கூர்மையான மூக்கைத் திரும்ப வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.]

தங்கை தான் அனுப்பியதைக் காட்டினாள். படித்ததும் அவர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“இது ‘நீங்க’ தாங்க. ஆனா நிறைய பேரு ‘நீங்க’. ‘நீங்க எல்லாரும்’ங்கற ‘நீங்க’. அம்மா என்னமோ, தன்னையும் அப்பாவையும் சேர்த்துக் கூப்பிட்டதா நினைச்சுட்டாங்க.”

“நான் மரியாதைக்குப் போட்டேன்!”

“எங்க மொழியில மரியாதைக்கு ‘நீங்க’ கிடையாதுங்க. ஒருத்தங்கன்னா ‘நீ’. ராஜாவும் நீ, டாக்டரும் நீ, கடவுளும் நீதாங்க.”

“அப்புறம் ஏன் அத்தெம்னு சொன்னீங்க?”

“நீங்க ‘நீங்க’ன்னா என்னன்னு கேட்டீங்க. யாருக்குன்னு கேக்கலையே.”

மரியாதையால் கெட்ட கதை என்று ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. இதுதான் முதல்.

6

திருத்துவது ரொம்பச் சுலபம். இங்கேதான் எனக்கு மொழியின் மேல் ஒரு மலைப்பு வந்தது. ஒரு பெண்ணைப் பார்த்து ‘நீ’ என்பதற்கு ஹீப்ருவில் ‘அத்’. எழுதினால் את. பழைய சொல்லின் கடைசியில் இருக்கும் அந்த டப்பாவை எடுத்துவிட்டால் போதும். பேக்ஸ்பேஸை ஒரு தடவை அழுத்தினால் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிடும். அடுத்த சொல்லுக்கும் வால் மாற வேண்டுமாம், அதை மாப்பிள்ளை மாற்றிக்கொடுத்துவிட்டார். அதில் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. மன்னிப்பாக ஒரு வாக்கியமும் சேர்த்தார்: தவறு எங்களுடையது, அழைத்தது உன்னை மட்டும்தான். அவர் அம்மாவுக்கு அவர் எழுதிய முதல் வாக்கியம் அது. எழுதிவிட்டு, லிஃப்ட் காத்திருக்கிறாங்க என்று போய்விட்டார்.

‘அத்தெம்’மின் கடைசி எழுத்தை மட்டும் அவர் தொடவில்லை. “அதை நீங்கதாங்க அழிக்கணும். கூப்பிடறது நீங்க” என்றார்.

தங்கை பேக்ஸ்பேஸின் மேல் விரலை வைத்தாள். எடுத்தாள். வைத்தாள்.

“என்னடி?”

“எப்படிண்ணா ‘நீ’ங்கறது?”

“ஹீப்ருவுல அது மரியாதைக் குறைச்சல் இல்லன்னுதான் சொல்லிட்டாரே.”

“மரியாதை இல்லடா மக்கு.” என்னை அவள் ‘டா’ போட்டால் விஷயம் பெரியது. “பெரிய பொம்பளைங்கள்ல நான் ‘நீ’ன்னு கூப்பிட்டது ஒரே ஒருத்தியத்தான். உனக்குத் தெரியாதா?”

தெரியும். ‘அம்மா, நீ சாப்பிட்டியா’, ‘அம்மா, நீ போ, நான் பாத்துக்கறேன்’, ‘நீ ஒண்ணும் கவலைப்படாதம்மா’. ஊரில் இருக்கிற பெரியம்மா, சித்தி, கடைக்கு வருகிற கிழவி, எல்லாரும் ‘நீங்க’. ‘நீ’ அம்மாவுக்கு மட்டும். தமிழ் பேசுகிற எத்தனையோ வீட்டில் அப்படித்தான். அது மரியாதை போதாததால் அல்ல, மரியாதை தேவைப்படாத இடம் அது ஒன்றுதான் என்பதால்.

பேக்ஸ்பேஸை அழுத்தினால் இன்னொரு பெண்மணி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். முகம் தெரியாத ஒருவர், காது கேட்காத ஒருவர், ‘அது நான் இல்லை’ என்று எழுதுகிற ஒருவர். அழுத்தாவிட்டால் அவர் வரவே மாட்டார்.

7

இதுவரை எழுதியதைத் தங்கை இன்று காலை படித்தாள். “ரெண்டு இடத்துல என்னைக் கிண்டல் பண்ணியிருக்க, விட்டுத்தொலைக்கறேன். பிஸ்கட் மட்டும் எடுத்துடு” என்றாள். எடுக்கவில்லை, நீங்கள்தான் பார்த்தீர்களே.

பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “அந்த மெயில் அப்படியே இருக்குண்ணா. என்னால ஆகல. நீயே அழிச்சு அனுப்பிடு. உனக்குத்தான் முடிவெல்லாம் எழுதத் தெரியுமே” என்றாள்.

ஆக, இந்தக் கதையை நான் எங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அவள் நாற்காலி, அவள் மேசை, ஸ்டிக்கர் ஒட்டிய அதே கீபோர்டு. ஒரு ஜன்னலில் அந்த மெயில் திறந்து கிடக்கிறது. பக்கத்து ஜன்னலில் இது.

முடிவுகள் கைவசம் இல்லாமல் இல்லை. முதல் முடிவு: அழிக்கிறேன், அனுப்புகிறேன். அந்த அம்மாள் பெரிய பெட்டியோடு வந்து இறங்குகிறார், ஆஸ்பத்திரி வராந்தாவில் மகனும் அம்மாவும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். [ரோஷக்காரர்கள் இவ்வளவு சீக்கிரம் கட்டிப்பிடித்துக்கொள்வதை நான் பார்த்ததில்லை. பெட்டியை வேண்டுமானால் நம்பலாம்.]

இரண்டாவது: அனுப்பாமல் விட்டுவிடுகிறேன். குழந்தை பிறக்கிறது. எல்லாம் நன்றாகவே நடக்கிறது. பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. [இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.]

மூன்றாவது: கம்ப்யூட்டர் திடீரென்று அப்டேட் ஆகி, திரும்பத் திறக்கும்போது மெயிலே காணா

[சீ. நானே லினக்ஸைப் போட்டுக்கொடுத்துவிட்டுப் பழியை அதன் தலையில் போடுவதா?]

உண்மையைச் சொல்லவா? அவள் கிளம்பியதிலிருந்து இந்தக் கதையை நான் நீட்டிக்கொண்டிருப்பதே அந்த விசையை அழுத்தாமல் இருக்கத்தான். தங்கைக்கு ‘நீ’ ஒருத்திதான் என்றால் எனக்கும் அதே ஒருத்திதானே. அவளால் முடியாதது என்னால் மட்டும் எப்படி முடியும்? ‘முடிவு எழுதத் தெரியும்’ என்று என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இல்லாத ஆட்களுக்கு முடிவு எழுத.

8

ஆகவே, வாசகரே, கொஞ்சம் இங்கே வாருங்கள்.

நான் எழுந்துகொள்கிறேன், நீங்கள் உட்காருங்கள். நாற்காலி கொஞ்சம் ஆடும், பயப்படாதீர்கள். மூலையில் ‘ஹீ’ வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கர்சரை அந்தச் சொல்லின் முடிவில் வைத்திருக்கிறேன். முடிவு என்றால் இடப்பக்கம், மறந்துவிட வேண்டாம்.

எங்கள் அம்மாவை உங்களுக்குத் தெரியாது. அந்த அம்மாளையும் தெரியாது. இரண்டு பக்கமும் ஒட்டோ உறவோ இல்லாத விரல் உங்களுடையது ஒன்றுதான். அழுத்திய பிறகு என்ன நடக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் வரலாம், வராமலும் போகலாம். வந்தால் என் தங்கை அவரை வாயால் என்னவென்று கூப்பிடுவாள் என்பதுகூட எனக்குத் தெரியாது. கடை மூடும் நேரம் ஆகிறது, அவள் வந்துவிடுவாள்.

இன்னும் என்ன யோசிக்கிறீர்கள்? கையை வையுங்

சரி, இவ்வளவு தூரம் கூடவே வந்த ஆளிடம் எனக்கு என்ன இன்னும் ‘உங்கள்’, ‘வையுங்கள்’ எல்லாம்.

நீ அழுத்து.